சணல் சுற்றாத குண்டு

என் வீட்டுக்காரர் சீனிவாசகம் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சிகரெட்டை நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து நான் அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், பெட்டியோடு குப்பைக் குழியில் புதைத்தும் பார்த்தேன். அசையாத மனிதர். எங்கள் மகள் அனுப்பிரியா போனில் ஒரு வட்டம் வரைந்து காட்டினாள், அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். சந்தோஷப்பட்டேன், மறுநாள் காலை வரை. காலையில் எழுந்தவர் நடப்பதையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வீடு சிவகாசியில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில். ஆவணி மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தபோது இவர் நெஞ்சை யாரோ இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அப்படியே திட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி போர்மேன் கருப்பணன்தான் காரில் அள்ளிப் போட்டு விருதுநகருக்குக் கொண்டுபோனான். எனக்குப் போன் பண்ணி, "அக்கா, மொதலாளிக்கு ஒண்ணுமில்ல, நீங்க பதறாம வாங்க" என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். பதறாமல் எப்படிப் போவது?

இதய டாக்டர் ஜெபசுந்தர் நிதானமான மனிதர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இப்போதைக்கு ஸ்டென்ட் எல்லாம் வேண்டாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயோட சுவத்துல ஒரு இடத்துல கொழுப்பு படிஞ்சிருக்கு. பாதி அடைப்புகூட இல்ல. ஆனா படிஞ்சது மிருதுவான வகை. மேல மூடி மெல்லிசா இருக்கு. அந்த மூடி கிழிஞ்சா ரத்தம் அங்கனயே உறைஞ்சு மொத்தமா அடைச்சுரும். கிழியாம ஆறணும். அதுக்கு மூணு வேலை. மாத்திரை போடணும், சிகரெட்ட விடணும், தினமும் நடக்கணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

இவருடைய அண்ணன் இப்படித்தான் போனார். டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தவர், பேச்சுக்கு நடுவில் சாய்ந்துவிட்டார். பாதி வடை கையிலேயே இருந்தது. டாக்டர் பேசப் பேச எனக்கு அந்த வடைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு இந்த மனிதர் வேண்டும். வாய்க்கு வாய் சண்டை போடுகிறவர்தான், வேட்டியைக் கட்டிலில் உருவிப் போட்டுவிட்டுப் போகிறவர்தான். ஆனாலும் வேண்டும்.

அனுப்பிரியா பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். எலிகளுக்கு ரத்தக்குழாயில் கொழுப்புப் படிய வைத்து, அது எப்படி ஆறுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. "எலிக்கு மாரடைப்பு வருதான்னு பாக்கவா உன்னைய அம்புட்டுத் தூரம் அனுப்பிப் படிக்க வச்சேன்?" என்று இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது அப்பாவுக்கே வந்ததும், அவள் வீடியோவில் வந்து ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டாள்.

"அப்பா, நம்ம அணுகுண்டு வெடி எப்படிச் செய்வோம்?"

"உள்ள மருந்து, வெளிய சணல் சுத்து. இதென்ன கேள்வி?"

"அதேதான். உங்க குழாய்ச் சுவத்துல கொழுப்பு இருக்குல்ல, அது உள்ள இருக்க மருந்துன்னு வைங்க. அது வெளிய வந்துரக் கூடாதுன்னு உடம்பே மேல ஒரு மூடி போடுது. அந்த மூடிய நெய்யுறதுக்குன்னு ஒரு வகை செல் இருக்கு. அவுகதான் நம்ம சணல் சுத்துற ஆளுக. எப்படிச் சுத்தணும்ங்கிற குறிப்பு ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கும். அதுதான் டிஎன்ஏ. சிகரெட் புகையும் கெட்ட கொழுப்பும் அந்தக் குறிப்ப அங்கங்க கிழிச்சு விட்டுரும்."

"கிழிஞ்சா?"

"ஒட்டுறதுக்கு செல்லுக்குள்ளயே ரிப்பேர் ஆளுக இருக்காக. அவுக ஒழுங்கா ஒட்டிட்டா இவுக சுத்திக்கிட்டே இருப்பாக. மூடி கெட்டியாகும். கிழிசல் கூடிப்போயி ரிப்பேர் முடியலைன்னா, சுத்துறவுக வேலைய நிறுத்திட்டு உக்காந்துருவாக. உக்காந்தும் சும்மா இருக்க மாட்டாக. பக்கத்துல வேலை பாக்குறவுகளையும் பேசிப் பேசியே கெடுத்துருவாக."

"உங்க அத்தை மாதிரி" என்றேன் நான். இவருடைய தங்கையைச் சொன்னேன். இவர் என்னை முறைத்தார்.

"நீங்க சாப்பிடுற மாத்திரை கொழுப்ப மட்டும் குறைக்கலப்பா. ரிப்பேர் வேலையையும் வேகப்படுத்துதுன்னு தெரியுது. எலியிலயும் தனியா வளத்த செல்லுலயும் பாத்திருக்காக. மனுசனுக்கு எம்புட்டுத் தூரம்னு இன்னும் முழுசாத் தெரியாது."

பெற்ற மகள், அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும் என்று மெனக்கெட்டுச் சொன்னாள். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டாள். அந்த மனிதர் இருபது வயதிலிருந்து சணல் வெடி செய்கிறவர்.

இவர் தாடையைச் சொறிந்தபடி கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, சணல இறுக்கிச் சுத்துனாத்தான சத்தம் பெருசா வரும்?"

அனுப்பிரியா முழித்தாள்.

"லூசா சுத்துனா புஸ்ஸுன்னு போயிரும். இறுக்கிச் சுத்துனா ஊரே கேக்கும். நீ சொல்றதப் பாத்தா ஆறலைன்னா சின்னதா வெடிப்பேன், நல்லா ஆறிட்டா பெருசா வெடிப்பேன். அப்படித்தான?"

"ஐயோ அப்பா, அது சும்மா ஒரு உதாரணம். இதுக்குத் திரியே கிடையாதுப்பா, பத்த வைக்கவும் ஆளு கிடையாது."

"திரி எதுக்கு? உராய்வு போதும்" என்றார் இவர். போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். அன்று போய் எறிந்ததுதான் சிகரெட் பெட்டி. "மருந்து ஷெட்டுக்குள்ள நெருப்பு கொண்டுபோறவன் மனுசனா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை வருடமாக அதே நெருப்பை நானும்தான் சொன்னேன். நான் சொன்னால் ஏறாது, படம் போட்டுச் சொன்னால் ஏறும்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால், கருப்பணன் கம்பெனியிலிருந்து ஒரு செம்புத் தகட்டைக் கொண்டுவந்து எங்கள் வாசல் நிலையில் அடித்துக்கொண்டிருந்தான். பட்டாசு ஷெட்டுக்குள் போகிற எவரும் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், பொறி பறக்காது. அது ஷெட்டுக்கு. வீட்டுக்கு எதற்கு?

"எதுக்குன்னா? ஷெட்டு இப்ப இங்கன இருக்கு" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் இவர்.

அன்றிலிருந்து தொடங்கியது கூத்து. ஹாலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். வாசலில் சிவப்பு போர்டு: ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் அனுமதி இல்லை. நைலக்ஸ் சேலை கட்டினால் பொறி வரும் என்று என் சேலைகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போடச் சொன்னார். வீட்டில் இருக்கிற எல்லாக் கதவும் திறந்தே கிடக்க வேண்டும், ஓடுவதற்கு. கேட்டுக்கு எதிரே காலி மனையைத் தாண்டி ஒரு வேப்ப மரம் நிற்கிறது. அதுதான் கூடும் இடம் என்று அறிவித்தார்.

"சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம ஓடணும். வேப்ப மரத்தடிக்கு வந்து நிக்கணும். அங்கன ஆள் எண்ணுவோம். உள்ள எவன் மாட்டியிருந்தாலும் சரி, சொந்தத் தம்பியா இருந்தாலும் சரி, வெளிய வந்தவன் திரும்ப உள்ள போகக் கூடாது. போனா ரெண்டு உசுரு." கம்பெனியில் வருடா வருடம் ஆட்களுக்கு எடுக்கிற பாடத்தை அப்படியே எனக்கு எடுத்தார். பாடம் சரிதான். அந்த ஒழுங்கினால்தான் எங்கள் கம்பெனியில் இதுவரை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

"இருக்கிறது நீங்களும் நானும். ரெண்டு பேரை எதுக்கு எண்ணணும்?" என்று கேட்டேன்.

"சட்டம்னா சட்டம்" என்றார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நடைதான் என் உயிரை வாங்கியது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, அவ்வளவுதான் இவருடைய உலகம். அதையும் பாதத்தைத் தூக்காமல் தரையோடு தரையாகத் தேய்த்துக்கொண்டு போவார். தேய்த்தாலும் உராய்வுதானே என்று கேட்டேன். அன்றிலிருந்து ஈரத்துணியை மிதித்து வழுக்கிக்கொண்டு போனார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தரை என்னவோ பளபளவென்று இருந்தது.

"டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல?"

"அவரு மருந்து ஷெட்டுல வேலை பாத்திருக்காரா? கலவைய வச்சுக்கிட்டு எவனாவது குலுங்கிக் குலுங்கி நடப்பானா?"

அனுப்பிரியா தினமும் கூப்பிட்டாள். "அப்பா, நடந்தா வெடிக்காது, நடக்கலைன்னாத்தான் கெடும். நான் சொன்ன உதாரணமே தப்பு, அத விட்ருங்க" என்று கெஞ்சினாள். "நீ எலியப் பாரு. என்னைய நான் பாத்துக்கிடுதேன்" என்று இவர் போனை வைத்துவிடுவார். எலிகூடச் சக்கரத்தில் ஓடுகிறதாம். அதையும் அவள் சொன்னாள். "அதுக்குக் கம்பெனி நடத்தத் தெரியுமா?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருடைய தங்கை குடும்பத்தோடு பார்க்க வந்தாள். வேன் வைத்து ஏழு பேர். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணினார். நானும் இவரும் உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர், ஆகவே இரண்டு பேரை மட்டும் உள்ளே விடச் சொன்னார். மற்றவர்கள் கார் நிறுத்துகிற இடத்தில் வெயிலில் நின்றார்கள். இரண்டு பேர் வெளியே வந்தால் இரண்டு பேர் உள்ளே போகலாம். போகும்போது தகட்டைத் தொட வேண்டும். நாத்தனார் முறை வந்தபோது அவள் கட்டியிருந்தது பளபளவென்று ஒரு சிந்தெட்டிக் சேலை.

"இவ உள்ள வரப்பிடாது" என்றார் அண்ணன்.

"மதினி, இது நீங்க சொல்லிக் குடுத்ததுதான?" என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றே ஒரு மூச்சு அழுதாள், கொண்டுவந்த சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். அந்தப் பழி இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது. ஆனால் அவளை வெயிலில் நிறுத்தியதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி என்பதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாத்தூர்ப் பக்கம் மின்னியது. மின்னினால் கம்பெனியில் வேலையை நிறுத்திவிடுவார்கள். இவர் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் அப்படியே நிறுத்தினார். கன்னம் உப்ப, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, மேகம் கலைகிறவரை உட்கார்ந்திருந்தார். "சோத்த மென்னா இதயம் குலுங்குமாக்கும்?" என்றேன். பதில் சொல்லவும் வாய் ஒழியவில்லை. கடைசியில் மழையும் பெய்யவில்லை. ரசம் ஆறிப்போனது.

கம்பெனிக்குக் காரில் போனால் டிரைவர் பக்கத்தில் கருப்பணன் சிவப்புக் கொடியோடு உட்கார வேண்டும். வெடி ஏற்றிய வண்டி போகிற மாதிரி அப்படியே ஊர்ந்து போகும். ஒரு தடவை ஆடு மேய்க்கிற பொம்பளை தன் ஆடுகளோடு எங்கள் காரை முந்திப் போனாள். போகிறபோது உள்ளே குனிந்து பார்த்து, "வண்டி ரிப்பேராண்ணே?" என்று கேட்டாள்.

சிரிப்பு எத்தனை நாளைக்கு வரும்? தீபாவளி முடிந்து பார்க்கப் போனபோது டாக்டர் எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டும் ஏறியிருந்தன. இவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "அம்மா, மாத்திரையும் போடுறார், சிகரெட்டும் விட்டாச்சு. நல்ல விஷயம். ஆனா இப்படி உக்காந்தே இருந்தா எல்லாத்தையும் இந்த உக்காருறதே கெடுத்துரும். எப்படியாவது நடக்க வைங்க." நான் அன்று வீட்டுக்கு வந்து பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். வெடிக்கிறவரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அது எனக்குப் பழக்கம். இப்படி நாற்காலியிலேயே மெதுமெதுவாக அணைந்து போகிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு காலை. எனக்கும் அனுப்பிரியாவுக்கும் போன் நடந்துகொண்டிருந்தது. அடுப்பு மேடையில் உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் பல் தேய்க்கப் போயிருந்தாள். இந்தப் பக்கம் நான் குக்கரில் துவரம்பருப்பைப் போட்டு ஏற்றிவிட்டு, புளி எடுக்கப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போனேன்.

குக்கர் விசில் இவருக்கு ஆகாது. திடுக்கென்று வருகிற சத்தம் நெஞ்சைக் குலுக்கும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விசில் இல்லாமல் பருப்பு வேகாது, பருப்பு வேகாவிட்டால் சாம்பார் கிடையாது, அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த மனிதர் பொறுக்கவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும், ஈரத்துணியில் வழுக்கிக்கொண்டே அடுப்படிக்குள் வந்திருக்கிறார். நனைந்த சாக்கை நாலாக மடித்து விசில்மேல் வைத்திருக்கிறார். சாக்கு பறந்துவிடக் கூடாதே என்று அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, வந்த மாதிரியே வழுக்கிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஸ்டோர் ரூமில் குனிந்து, இன்னும் ஏன் விசில் வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டே புளிப்பானைக்குள் கையை விட்டேன்.

டமார்.

வீடே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. என் காதில் ஒரே ரீங்காரம். புளிப்பானையைக் கட்டிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. ஸ்டோர் ரூம் ஜன்னல் வாசல் பக்கம் பார்த்தது. அதன் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஓடுகிறார்! வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி, காலி மனையில் கிடக்கிற கருவேல முள்ளையெல்லாம் தாண்டி, பாதம் தரையில் படாமல் ஓடுகிறார். ஐயோ, ஓடுகிறாரே என்று எனக்கு ஒரு நொடி சந்தோஷம். அடப்பாவி மனுஷா, என்னை உள்ளே விட்டுவிட்டா ஓடுகிறாய் என்று மறுநொடி கோபம். வேப்ப மரத்தைப் போய் ஒரு கையால் பிடித்தார். திரும்பினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அடுத்து நான் பார்த்தது இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. போனதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வீட்டைப் பார்த்துத் திரும்ப ஓடி வந்தார்.

"செல்லக்கனீ! ஏ செல்லக்கனீ!"

'இந்தா', 'ஏய்' என்று கூப்பிட்டே என் பேரை மறந்துபோயிருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அப்போதுதான் பகீரென்றது. இத்தனை மாதம் உட்கார்ந்தே இருந்த உடம்பு, இப்படி ஓடலாமா? அந்த மெல்லிசு மூடி என்ன ஆகும்? எனக்குப் போன சத்தம் திரும்பி வந்தது.

"வராதீக! எனக்கு ஒண்ணுமில்ல! மெதுவா, மெதுவா!" என்று கத்திக்கொண்டே எழுந்து அடுப்படிக்கு வந்தேன். அவர் வாசல் தகட்டைத் தொடவில்லை. மணல் வாளியை எத்தி உருட்டிவிட்டு, புகைக்குள் நேராக வந்து என்மேல் மோதினார்.

"கையக் காட்டு. காலக் காட்டு. மூஞ்சியத் திருப்பு" என்று என்னைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. குக்கரின் பாதுகாப்பு அடைப்பான் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. குழவி அடுப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அரைப்படிப் பருப்பும் கூரையில் இருந்தது. அங்கிருந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இவருக்குத் தன் நெஞ்சு ஞாபகம் வந்தது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். அப்படியே என்னைப் பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன். வெடிக்கிறதா என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. உள்ளே திடுதிடுவென்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது.

"அம்மா! அப்பா! என்னாச்சு? எனக்கு மஞ்சளா மட்டுந்தான் தெரியுது!" என்று உப்பு ஜாடிப் பக்கமிருந்து அனுப்பிரியா அலறினாள். போன் முழுக்கப் பருப்பு. முந்தானையால் துடைத்து எடுத்தேன்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதா? கை வலிக்குதா? வேர்க்குதா? கேளும்மா!"

"வலி இல்ல. பசிக்குது" என்றார் இவர்.

அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். குழவியையும் சாக்கையும் காட்டினேன். அவள் வாயிலிருந்த பற்பசை நுரையைத் துப்பிவிட்டு வந்தாள். "இப்படி ஓடுறதும் வேண்டாம், இன்னைக்கே டாக்டர்ட்ட காமிங்க. ஆனா அப்பா, நீங்க ஓடிப் போயி ஓடியும் வந்துட்டீக. வீட்டுல வெடிச்சது ஒண்ணே ஒண்ணு. சத்தம் வரக் கூடாதுன்னு நீங்க வாயடைச்சீகளே, அது மட்டுந்தான் வெடிச்சிருக்கு" என்றாள்.

இவர் கூரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் கோபம் வசதியாக வந்தது.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற ஆளு, ஆவி போற வழிய அடைக்கலாமா? புத்தி எங்கன போச்சு? அது கிடக்கட்டும். வெளிய வந்தவன் உள்ள போகக் கூடாதுன்னு சொன்னது யாரு? சொந்தத் தம்பினாலும் போகக் கூடாது, போனா ரெண்டு உசுருன்னு சொன்னது யாரு? எதுக்குத் திரும்பி வந்தீக?"

இவர் தலையிலிருந்த பருப்பை வழித்துத் தரையில் தட்டினார். என்னைப் பார்க்காமல் அந்த உருண்ட வாளியைப் பார்த்தார்.

"மரத்தடியில நின்னு ஆள் எண்ணுனேன். ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார்.

திட்ட வந்த எனக்கு அழுகைதான் வந்தது. போனில் பார்த்துக்கொண்டிருந்த மகளும் அழுதாள். "ரெண்டு பேரும் எதுக்கு அழுதீக, பருப்புதான போச்சு?" என்று இவர் எங்களை அதட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கேட்டால் புகை என்பார்.

அன்று மத்தியானமே டாக்டரிடம் காட்டினோம். கருப்பணன் கொடியைக் கையில் எடுத்தான், இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இனி ஓடக் கூடாது, நடக்க வேண்டும் என்றார். எங்கள் முடியில் ஒட்டியிருந்த பருப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் என்னை எழுப்பியது இவர்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "வா, நடப்போம்" என்றார். நான் எதற்கு, எனக்கு இட்லி ஊற்ற வேண்டும் என்றேன். "நீ வராம நான் மட்டும் போயி அங்கன என்னத்த எண்ண?" என்றார். போனேன்.

சித்திரையில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். படிவு பெரிதாகக் குறையவில்லை, ஆனால் முன்பிருந்த மாதிரி மிருதுவாக இல்லை, கெட்டிப்பட்டு வருகிறது என்றார் டாக்டர். இவர் அனுப்பிரியாவுக்குப் போன் போட்டு, "ஏம்மா, ரிப்பேர் ஆளுக வேலைக்கு வந்துட்டாக போல" என்றார். அவள் சிரித்தாள். உள்ளே யார் வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் ஸ்கேனில் தெரியாது, டிஎன்ஏ ஒட்டியதா ஒட்டவில்லையா என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, எலியாக இருந்தால் வெட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன் என்றாள். "என்னைய வெட்ட வேண்டாம். யாரு சுத்துனா என்ன, சுத்து விழுதுல்ல" என்றார் இவர்.

செம்புத் தகட்டைக் கழற்றிவிட்டோம். சிவப்பு போர்டு மட்டும் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன், நாத்தனார் மறுபடி வேன் வைத்து வந்தால் உதவும்.

தினமும் விடியற்காலையில் நடக்கிறோம். போகிறபோது நான் முன்னால் போவேன், இவர் பின்னால் வருவார். கால் தரையை விட்டு நன்றாகவே எழும்புகிறது. திரும்பி வரும்போது அந்த வேப்ப மரத்தடியில் கண்டிப்பாக நிற்க வேண்டும். என் தோளைத் தொட்டு "ஒண்ணு" என்பார். தன் நெஞ்சைத் தொட்டு "ரெண்டு" என்பார்.

"சரியா இருக்கு. உள்ள போவோம்."